ஹால் எஃபெக்ட் ஸ்டிக் என்று பில், உள்ளே பழைய ஸ்டிக்: கன்ட்ரோலரை ரிப்பேருக்குக் கொடுக்கப் போகிறவர்கள் கவனத்துக்கு

பிளேஸ்டேஷன் 5 கன்ட்ரோலரில் ட்ரிஃப்ட் (தொடாமலேயே ஸ்டிக் நகர்ந்த மாதிரி காட்டுவது) வந்து, எங்கே கொடுத்துச் சரி பண்ணலாம் என்று தேடிக்கொண்டிருக்கிறீர்களா? இதைப் படித்துவிட்டுப் போங்கள். சென்னை ரிச்சி தெருவில் ஒரு கடையில் எனக்கு நடந்தது. கட்டைவிரலால் அசைக்கும் இரண்டு ஸ்டிக்கையும், காந்தத்தில் வேலை செய்யும் ஹால் எஃபெக்ட் வகையாக மாற்றியதாகச் சொல்லி 2,400 ரூபாய் வாங்கினார்கள். உள்ளே எதையும் மாற்றவில்லை. போதாததற்கு, நன்றாக இருந்த ஆர்2 ட்ரிகரையும் (வலது ஆள்காட்டி விரலால் அழுத்தும் பட்டன்) கெடுத்துக் கொடுத்தார்கள். புகார் கொடுத்திருக்கிறேன். அது முடியும் வரை கடையின் பெயரை எழுதப் போவதில்லை. ஆனால் இதே வேலையைப் பல இடங்களில் செய்கிறார்கள் என்று பிறகு விசாரித்ததில் தெரிந்தது. அதனால் பெயரைவிட ஏமாற்றும் விதத்தைத் தெரிந்துகொள்வதுதான் உங்களுக்கு உதவும்.

எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்றால், ராத்திரி பையனைத் தூங்க வைத்த பிறகு கிடைக்கும் ஒரு மணி நேரம்தான் எனக்கென்று இருக்கும் நேரம். ஆபீஸ், சமையல், ஹோம்வொர்க் எல்லாம் முடிந்து சோபாவில் உட்கார்ந்து கன்ட்ரோலரைக் கையில் எடுத்தால்தான் அன்றைய நாள் முடிந்த மாதிரி இருக்கும். பிளேஸ்டேஷன் 5-ன் இந்த டூயல்சென்ஸைவிட நல்ல கன்ட்ரோலரை நான் பிடித்ததில்லை. ஹொரைசன் ஆட்டத்தில் வில்லை இழுக்கும்போது ஆர்2 விரலை எதிர்த்துத் தள்ளும். நாண் இறுகுவது கையில் தெரியும். கீபோர்டில் ஆடுகிறவர்கள் குறி நன்றாக விழும் என்பார்கள், அது உண்மைதான். நாள் முழுக்கக் கீபோர்டைத் தட்டிவிட்டு வந்து மறுபடியும் அதையே தட்ட எனக்கு மனம் வராது.

எல்டன் ரிங் ஆடும்போதுதான் ட்ரிஃப்ட் முதலில் தெரிந்தது. ஸ்டிக்கை விட்ட பிறகும் ஆள் மெதுவாக இடது பக்கம் நடந்துகொண்டே இருந்தான். மலை விளிம்பில் நின்றால் தானாகப் போய் விழுந்து சாகிறான்.

இது ஏன் வருகிறது என்று தெரிந்திருந்தால்தான் கடைக்காரர் சொல்வது சரியா என்று பார்க்க முடியும். ஒவ்வொரு ஸ்டிக்குக்கு உள்ளேயும் இரண்டு பொட்டன்ஷியோமீட்டர் இருக்கிறது. ஒன்று இடவலம், இன்னொன்று மேல்கீழ். கரிப் பூச்சுப் பூசிய பட்டை மேல் ஒரு சின்ன உலோக நாக்கு உரசிக்கொண்டே நகரும். அது எங்கே நிற்கிறதோ அதற்கேற்ற மின்னழுத்தம் போகும். உரசி உரசிப் பூச்சு தேய்ந்தால், ஸ்டிக் நடுவில் நிற்கும்போதும் தப்பான அளவு போகும். சாமான்களைப் பிரித்துக் காட்டி ரிப்பேர் வழி சொல்லும் ஐஃபிக்சிட் தளம் இந்தக் கன்ட்ரோலரைப் பிரித்துப் பார்த்து 2021-ல் ஒரு கணக்குச் சொன்னது. ஸ்டிக்கும் இந்த மீட்டர்களும் சேர்ந்த அந்த மாட்யூலுக்கு உற்பத்தியாளர் சொல்லும் ஆயுள் 20 லட்சம் சுழற்சி. கால் ஆஃப் டியூட்டி வார்சோன் மாதிரி ஆட்டத்தில் சுமார் 417 மணி நேரத்தில் அதைத் தாண்டிவிடலாம். தினமும் இரண்டு மணி நேரம் ஆடினால் ஏழு மாதம்! ஆகவே முரட்டுத்தனமாக ஆடியதால்தான் போய்விட்டது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

ஹால் எஃபெக்டில் உரசலே கிடையாது. ஒரு காந்தம் அசையும், சென்சார் தொடாமலேயே அதைக் கவனிக்கும். புதிதாகக் கண்டுபிடித்ததும் இல்லை. 1998-ல் வந்த சேகா ட்ரீம்காஸ்ட் கன்ட்ரோலரிலேயே இது இருந்தது. இப்போது டிஎம்ஆர் என்று இன்னொரு வகை வந்திருக்கிறது. அதுவும் காந்தம்தான், மின்சாரம் குறைவாக எடுக்கும். ஆறாயிரம் ரூபாய்ச் சாமானில் இதைப் போடாமல் இன்னமும் தேயும் ஸ்டிக்கையே வைத்து விற்பது அநியாயம் என்றுதான் நினைக்கிறேன்.

வாரண்டி முடிந்திருந்தது. அதனால்தான் அந்தக் கடைக்குப் போனேன். கவுண்டரில் இருந்தவர் முதலில் கேட்டது, "பையனோடதா மேடம்?" என்னுடையது என்றேன். அதன் பிறகும் அவர் பேச்சு முழுக்க என் கணவரிடம்தான். ஹால் எஃபெக்ட் போட முடியுமா, எந்த கம்பெனி மாட்யூல், போட்ட பிறகு கேலிப்ரேஷன் (ஸ்டிக்கின் நடு இடத்தைச் சரியாகப் பதிய வைப்பது) செய்வீர்களா என்று நான்தான் கேட்டேன். எல்லாவற்றுக்கும் ஆமாம் என்றார். வேலை செய்யும்போது பார்க்கலாமா என்றதற்கு, ஒர்க்‌ஷாப் மேல் மாடியில், கஸ்டமரை விடமாட்டோம் என்றார். பழைய ஸ்டிக்கைத் திருப்பிக் கொடுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

வாங்கப் போனபோது பழைய ஸ்டிக் குப்பையில் போய்விட்டது என்று சொன்னார்கள். கடை டிவியில் ஒரு கால்பந்து ஆட்டத்தைப் போட்டு, ஸ்டிக்கை விட்டால் ஆட்டக்காரர் அசையாமல் நிற்பதைக் காட்டினார்கள். இந்த இடத்தைக் கொஞ்சம் கவனமாகப் படியுங்கள். ஆட்டத்தின் செட்டிங்ஸில் டெட்சோன் என்று ஒன்று இருக்கும். ஸ்டிக் நடுவிலிருந்து இவ்வளவு தூரம் நகரும் வரை கண்டுகொள்ளாதே என்று ஆட்டத்துக்குச் சொல்வது. அதை ஏற்றி வைத்துவிட்டால் பாதி ட்ரிஃப்ட் கண்ணுக்கே தெரியாது. எந்த ஆட்டத்தில் காட்டினாலும் அது சோதனை ஆகாது. பில் கேட்டதற்கு ஒரு துண்டுச் சீட்டை நீட்டினார்கள். முறையான பில்தான் வேண்டும், அதில் என்ன போட்டீர்கள் என்று எழுத வேண்டும் என்று நின்று வாங்கினேன். "ஹால் எஃபெக்ட் ஸ்டிக் 2" என்று எழுதிக் கொடுத்தார்கள். அதுதான் இப்போது என் கையில் இருக்கும் முக்கிய ஆதாரம்.

அன்று ராத்திரியே ஆர்2 செத்திருந்தது தெரிந்தது. பட்டன் அழுந்துகிறது, அம்பு போகிறது, ஆனால் அந்த எதிர்ப்பு இல்லை. ட்ரிகருக்குள் ஒரு குட்டி மோட்டாரும் பற்சக்கரமும் இருக்கிறது. அதற்குப் போகும் மெல்லிய கேபிளைப் பிரிக்கும்போது பிய்த்திருக்கிறார்கள். போன் செய்தால், "பையன் கீழ போட்டிருப்பான் மேடம்". அவன் அதைத் தொடுவதே இல்லை என்றாலும் கேட்கவில்லை. ஒரு மாதம் ஆவதற்குள் ட்ரிஃப்டும் திரும்பி வந்தது. இந்தத் தடவை அவர்கள் போனையே எடுக்கவில்லை.

வேளச்சேரியில் வீட்டிலேயே இந்த வேலை செய்யும் ஒரு தம்பியிடம் கொண்டுபோனேன். என் முன்னாலேயே பிரித்தார். போர்டைத் திருப்பிக் காட்டி, "அக்கா, இங்க யாரும் சால்டரிங் அயர்னே வைக்கல, பாருங்க" என்றார். ஒரு ஸ்டிக் மாட்யூலுக்குப் பதினான்கு காலில் சால்டர் எடுத்துத் திரும்ப வைக்க வேண்டும். ஒன்றில்கூடக் கை பட்ட தடம் இல்லை, சால்டர் செய்யும்போது தடவும் ஃப்ளக்ஸின் கறை இல்லை. கம்பெனியில் வைத்தது அப்படியே பளபளவென்று இருந்தது. கான்டாக்ட் கிளீனர் ஸ்ப்ரே மட்டும் அடித்திருக்கிறார்கள். அது உள்ளே இருக்கும் தூசியைக் கழுவும், சில நாள் சரியான மாதிரி இருக்கும். தேய்ந்த பூச்சு திரும்ப வராது. கிளீனிங் என்று சொல்லி முந்நூறு ரூபாய் வாங்கியிருந்தால் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. செய்யாத வேலைக்கு எட்டு மடங்கு வாங்கியதைத்தான் பொறுக்க முடியவில்லை.

அந்தத் தம்பி சொல்லிக் கொடுத்ததையும் சேர்த்து எழுதுகிறேன். கொடுப்பதற்கு முன்பே திருகாணிகள் மேலும், முடிந்தால் உள்ளே போர்டிலும் மார்க்கரில் ஒரு அடையாளம் வையுங்கள், போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். திரும்ப வாங்கும்போது லேப்டாப்பில் யுஎஸ்பி கேபிளால் இணைத்து, பிரவுசரில் கேம்பேட் டெஸ்டர் பக்கம் ஒன்றைத் திறங்கள். ஸ்டிக்கைத் தட்டி விட்டால் எண்கள் பூச்சியத்துக்குப் பக்கத்தில் வந்து நிற்க வேண்டும், அங்குமிங்கும் ஓடக் கூடாது. மாட்யூலை உண்மையிலேயே மாற்றினால் கேலிப்ரேஷன் செய்தே ஆக வேண்டும். அதற்கு டூயல்ஷாக் கேலிப்ரேஷன் என்ற இலவசக் கருவி குரோமிலேயே வேலை செய்யும். அப்படியென்றால் என்ன என்று கேட்கும் கடையில் கொடுக்காதீர்கள். ட்ரிகரைப் பார்க்க, கன்சோலோடு வரும் ஆஸ்ட்ரோஸ் பிளேரூமை ஐந்து நிமிடம் ஆடினால் போதும். இதையெல்லாம் பணம் கொடுக்கும் முன் கவுண்டரிலேயே செய்யுங்கள். பின்னால் நிற்பவர்கள் முணுமுணுத்தாலும் பரவாயில்லை.

ஏற்கெனவே ஏமாந்திருந்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணைக் கூப்பிடுங்கள். தமிழிலேயே பேசலாம். 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி பில் தராமல் இருப்பதே முறையற்ற வணிகம். கட்டிய தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடக் கட்டணம் கிடையாது. நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம். இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும், அவ்வளவுதான். வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்றும் இல்லை.

நான் 1915-ல் புகார் பதிவு செய்த பிறகு கடையிலிருந்து கூப்பிட்டார்கள், இந்த முறை என் எண்ணுக்கே. பாதிப் பணம் தருகிறோம், புகாரை எடுத்துவிடுங்கள் என்றார்கள். முழுப் பணமும் ஆர்2 சரிசெய்த செலவும் வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். தரவில்லை என்றால் அடுத்தது மாவட்ட ஆணையம்தான். பில், யுபிஐ ரசீது, அந்தத் தம்பி பிரிக்கும்போது எடுத்த வீடியோ எல்லாவற்றையும் ஒரே ஃபோல்டரில் போட்டு வைத்திருக்கிறேன்.