ஆஸ்திரேலியன் பிங்க் ஃபிளாய்ட் ஷோ: டிக்கெட் வாங்கும் முன் தெரிந்துகொள்ள

பிரிட்டிஷ் ராக் குழுவான பிங்க் ஃபிளாய்டின் நால்வரும் ஒரே மேடையில் கடைசியாக நின்றது 2005 ஜூலை 2 அன்று, லண்டன் ஹைட் பார்க்கில் நடந்த லைவ் 8 நிகழ்ச்சியில். 2008இல் கீபோர்டு வாசித்த ரிச்சர்ட் ரைட் காலமானார். பேஸ் வாசித்த ராஜர் வாட்டர்ஸும் கிடார் வாசித்த டேவிட் கில்மரும் தனித்தனியே நடத்தும் கச்சேரிகளில் அவரவர் பாணிதான் மேலோங்கும். இசைத்தட்டில் கேட்ட அதே ஒலியை, லேசரும் வட்டத் திரையுமாக, நியாயமான விலையில் நேரில் கேட்க வேண்டுமென்றால் ட்ரிபியூட் பேண்டுகளிடம்தான், அதாவது ஒரு குழுவின் பாடல்களை அப்படியே வாசிக்கும் வேறு குழுக்களிடம்தான், போக வேண்டும். அந்த வரிசையில் முதலிடம் ஆஸ்திரேலியன் பிங்க் ஃபிளாய்ட் ஷோவுக்கு.

1988இல் அடிலெய்டில் தொடங்கிய குழு இது. பிறகு இங்கிலாந்துக்குக் குடிபெயர்ந்தது. 1996இல் கில்மர் தன் ஐம்பதாவது பிறந்தநாள் விருந்தில் வாசிக்க இவர்களைத்தான் அழைத்தார். ஃபிளாய்டின் 1987 சுற்றுப்பயணத்தில் பாடிய லொரெலை மெக்புரூம் பின்னாளில் இவர்களோடும் பாடியிருக்கிறார். ஃபிளாய்ட் கச்சேரிகளின் அடையாளமான காற்றடைத்த பன்றிக்குப் பக்கத்தில் ராட்சத இளஞ்சிவப்புக் கங்காருவும் எழும்பி நிற்கும். அது ஆஸ்திரேலிய முத்திரை, ரசிகர்களுக்கு மிகவும் பிடித்த இடம்.

எல்லாக் குழுக்களையும் இப்படி நகலெடுத்துவிட முடியாது. குவீன் என்றால் ஃபிரெடி மெர்க்குரியின் உடல்மொழி வேண்டும், அபா என்றால் அந்த உடைகள் வேண்டும். ஃபிளாய்ட் ரசிகர்களில் பாதிப் பேருக்கு நால்வரின் முகமே சட்டென்று நினைவுக்கு வராது. 1980–81இல் 'த வால்' ஆல்பத்துக்கான கச்சேரிகளைத் தொடங்கியதே ஃபிளாய்ட் உறுப்பினர்களின் முகமூடி அணிந்த மாற்றுக் குழுதான். எனவே இந்த மேடையில் யாரும் யாரைப் போலவும் வேஷம் கட்டுவதில்லை. மெனக்கெடல் முழுவதும் ஒலியில். நம்மூர் மெல்லிசைக் கச்சேரியில் ரெக்கார்டில் வந்த புல்லாங்குழல் பிட் ஒரு சுரம் பிசகினாலும் கூட்டம் முகம் சுளிக்குமே, அந்த எதிர்பார்ப்புதான் இங்கேயும்.

அந்த மெனக்கெடல் எங்கே தெரிகிறது என்று கேட்டால், முதலில் 'மணி' பாட்டைக் கவனியுங்கள். பாட்டும் சாக்ஸஃபோன் தனியும் ஏழு எண்ணிக்கையில் ஓடும். மிஸ்ர சாபு போட்டுப் பழகிய கை உடனே ஒட்டிக்கொள்ளும். கிடார் தனி வரும்போது நாலுக்கு மாறும். அந்தத் தனி மூன்று சுற்று. முதல் சுற்றில் எதிரொலி ததும்பும், இரண்டாவதில் எதிரொலியை அடியோடு எடுத்துவிட்டு ஒற்றைக் கிடார் மட்டும் காதருகே வறண்டு ஒலிக்கும், மூன்றாவதில் மறுபடி விரியும். மூன்றாவது சுற்றின் உச்ச சுரங்களுக்காக கில்மர் ஒலிப்பதிவில் 24 ஃபிரெட் (கழுத்தில் சுரங்களைப் பிரிக்கும் உலோகக் கட்டைகள்) கொண்ட லூயிஸ் கிடாருக்கு மாறினார். அவர் வழக்கமாக வாசிக்கும் ஸ்ட்ராட்டோகாஸ்டர் கிடாரில் 21தான் உண்டு. நல்ல குழுவில், இரண்டாம் சுற்று தொடங்கும் அந்த நொடியில் அரங்கமே சுருங்கியது போலிருக்கும். சுமாரான குழுவில் மூன்று சுற்றும் ஒரே எதிரொலியில் போகும், தனி நீளமாக இருந்தது என்பது மட்டும்தான் மனதில் நிற்கும்.

'ஷைன் ஆன் யூ கிரேஸி டைமண்ட்' முதல் பாதியின் முடிவில் வரும் சாக்ஸஃபோன் இன்னொரு உரைகல். கனத்த கீழ்ச்சுர பாரிடோன் சாக்ஸில் தொடங்கி, நடை மாறி வேகம் கூடும் இடத்தில் அதைவிட மேல்சுர டெனார் சாக்ஸுக்குத் தாவ வேண்டும். இரண்டு வாத்தியத்தையும் கொண்டுவந்து, கழுத்துப் பட்டையை மாற்றிக்கொண்டு சரியான இடத்தில் நுழைபவர்தான் தேர்ந்த கலைஞர். சிறிய குழுக்கள் முழுவதையும் டெனாரிலேயே முடித்துவிடும். இன்னும் சிறியவை கீபோர்டில் சாக்ஸ் ஒலி போடும். அப்போது அந்த அடிவயிற்றுக் கனம் போய்விடும்.

'த கிரேட் கிக் இன் த ஸ்கை'யில் சொற்களே இல்லை. 1973 ஜனவரியில் ஆபி ரோடு ஸ்டூடியோவில் கிளேர் டோரி அந்த நேரத்தில் தோன்றியதைப் பாடியது அது. அப்போது கிடைத்த கூலி 30 பவுண்டு. 2004இல் வழக்குப் போட்டு, 2005இல் சமரசமான பிறகே இசையமைப்பில் அவர் பெயரும் சேர்ந்தது. ஒருமுறை தன்னிச்சையாகப் பிறந்ததைச் சுரம் சுரமாக மனப்பாடம் செய்து, மனப்பாடம் என்று தெரியாமல் பாட வேண்டும். ஃபிளாய்டே 1994இல் இதை மூன்று பாடகிகளுக்குப் பிரித்துக் கொடுத்தது. முதல் பகுதிக்குத் தொண்டையின் பலம் வேண்டும், பின்பகுதிக்கு மூச்சின் கட்டுப்பாடு வேண்டும். பிரித்துப் பாடுவதைக் குறையாக நினைக்க வேண்டியதில்லை.

குழுக்கள் தடுமாறும் இடம் பெரும்பாலும் தாளம். 'ரன் லைக் ஹெல்' பாட்டின் கிடாருக்குச் சுமார் 380 மில்லிநொடி டிலே, அதாவது வாசித்த சுரம் அந்த இடைவெளியில் எதிரொலியாகத் திரும்பி வரும். நிமிடத்துக்குச் சுமார் 118 தட்டு என்ற வேகத்தில் அது முக்கால் தட்டுக்குக் கச்சிதமாக உட்காரும். உற்சாகத்தில் டிரம்மர் 122க்கு ஏறினால் முக்கால் தட்டு 369 ஆகிவிடும், டிலே 380இலேயே நிற்கும். ஒவ்வொரு எதிரொலிக்கும் 11 மில்லிநொடி பிந்தி, மூன்றாவது எதிரொலிக்குள் எல்லாம் குழம்பிவிடும். இதற்காகவும் வட்டத் திரையில் ஓடும் படத்தோடு இசை ஒத்துப்போவதற்காகவும் டிரம்மர் காதில் வேகம் காட்டும் கிளிக் ஒலியை ஓடவிடுவது பெரிய குழுக்களின் வழக்கம். சுத்தம் கிடைக்கும், ஆனால் தனியை இன்னும் ஒரு சுற்று நீட்டலாம் என்று யாருக்கும் தோன்றினாலும் முடியாது.

இந்த வகை நிகழ்ச்சிகளின் உண்மையான எல்லையும் அதுதான். 1970, 71ஆம் ஆண்டுகளின் ஃபிளாய்ட் ஒரே பாட்டை ஒவ்வோர் ஊரிலும் வேறு நீளத்தில், வேறு முடிவோடு வாசித்தது. அந்தத் தேடல் உங்களுக்கு முக்கியமென்றால் ஃபிளாய்டின் டிரம்மர் நிக் மேசன் 2018இல் தொடங்கிய 'சாசர்ஃபுல் ஆஃப் சீக்ரெட்ஸ்' குழுவைத் தேடுங்கள். அவர்கள் எடுத்துக்கொள்வது 1972 வரையிலான பாடல்களை. 1973 முதல் 1979 வரையிலான ஆல்பங்கள்தான் உங்கள் உயிர் என்றால் ஆஸ்திரேலியக் குழுவுக்கே முழு விலை கொடுக்கலாம். அந்தக் காலத்து ஃபிளாய்ட் ஸ்டூடியோவில் செதுக்கிய இசை, செதுக்கியபடியே கேட்பதுதான் அதற்குப் பொருத்தம்.

இருக்கை விஷயத்தில் அதிக விலை என்பது நல்ல இடம் என்றாகாது. முதல் ஐந்து வரிசைக்குப் பணத்தைக் கொட்டாதீர்கள். பெரிய ஸ்பீக்கர்களின் ஒலி தலைக்கு மேலே போய்விடும், டிரம்ஸின் நேரடிச் சத்தம் முகத்தில் அறையும், வட்டத் திரையை அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலிக்கும். இசைக்கு, ஒலியைக் கலக்கும் பலகைக்கு முன்னாலுள்ள இரண்டு மூன்று வரிசைகள். கலக்குபவர் கேட்பதையே நீங்களும் கேட்பீர்கள். பலகைக்குப் பின்னால் என்றால் ஆட்களும் கணினித் திரைகளும் மறைக்கும். லேசருக்கு முதல் பால்கனியின் முன்வரிசை, நடுப்பக்கம். ஒளித்தளம் உங்கள் கண்மட்டத்தில் விரியும். தவிர்க்க வேண்டியது கீழ்த்தளத்தில் பால்கனிக்கு அடியில் இருக்கும் பின்வரிசைகள். திரையின் மேல்பாதி வெட்டுப்படும், மேலேயிருந்து வரும் ஒலி அங்கே சரியாக நுழையாது. அரங்கத்தின் இருக்கைப் படத்தில் பால்கனியின் விளிம்பு எந்த வரிசைக்கு மேல் விழுகிறது என்று பார்த்துவிட்டு பணம் கட்டுங்கள்.

காதுக்கு இசைக்கலைஞர்கள் போடும் வகை அடைப்பானை எடுத்துச் செல்லுங்கள். கடையில் கிடைக்கும் பஞ்சு அடைப்பான் உயர் சுரங்களைத்தான் அதிகம் விழுங்கிவிடும், சிம்பலும் கடிகார ஓசையும் மங்கிப்போகும். 15 டெசிபெல் அளவுக்கு எல்லாச் சுரத்தையும் சமமாகக் குறைப்பது போதும். வலிப்பு நோய் உள்ளவர்கள், விட்டு விட்டு மின்னும் ஒளி இருக்கிறதா என்று அரங்கத்தில் முன்கூட்டியே கேட்டுக்கொள்வது அவசியம்.

டிக்கெட் எடுக்கும்போது குழுவின் பெயரை முழுதாகப் படியுங்கள். ஃபிளாய்ட் என்ற சொல்லோடு ஊர் ஊருக்கு ஒரு குழு இருக்கிறது. பிரிட் ஃபிளாய்ட் தனிக் குழு, ஆஸ்திரேலியக் குழுவில் பல்லாண்டு கிடார் வாசித்த டேமியன் டார்லிங்டன் 2011இல் தொடங்கியது. தரத்தில் தோளோடு தோள் நிற்கும், உங்கள் ஊருக்கு அது வந்தால் தயங்க வேண்டாம். பெயர் தெரியாத குழு என்றால் விளம்பரப் படத்தில் ஆட்களை எண்ணுங்கள். இரண்டு கிடார், பேஸ், டிரம்ஸ், கீபோர்டு, சாக்ஸ், குறைந்தது இரண்டு பாடகிகள் என எட்டுப் பேராவது வேண்டும். ஐந்து பேர்தான் என்றால் மிச்சம் கணினியிலிருந்து வருகிறது என்று அர்த்தம், அதற்கேற்ற விலைக்கு மட்டும் வாங்குங்கள்.