கனேடியன்ஸா, மேப்பிள் லீஃப்ஸா?

கனடாவில் ஐஸ் ஹொக்கி பார்க்கத் தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் தடுமாறுவது மொன்றியல் கனேடியன்ஸ், ரொறன்ரோ மேப்பிள் லீஃப்ஸ் என்ற இந்த இரண்டு அணிகளுக்கிடையில்தான்.

ஸ்ரான்லி கிண்ணம் (என்.எச்.எல். லீக்கின் சாம்பியன் கிண்ணம்): மொன்றியல் 24 முறை, கடைசியாக 1993.
ரொறன்ரோ 13 முறை, கடைசியாக 1967.

அரங்கு: மொன்றியல் பெல் சென்ரரில் ஏறத்தாழ 21,000 இருக்கைகள்.
ரொறன்ரோவில் 19,000க்குச் சற்றுக் குறைவு. நகரமோ பெரிது, அதனால் ரிக்கற் விலை லீக்கிலேயே மிக உயர்ந்தவற்றில் ஒன்று.

நெருக்கடியில்தான் வித்தியாசம் தெரியும். 2013இல் பொஸ்ரனுடன் ரொறன்ரோ ஆடிய ஏழு ஆட்டத் தொடரில், முடிவைத் தீர்மானிக்கும் ஏழாவது ஆட்டம். கடைசிப் பகுதியான மூன்றாம் பகுதியில் ரொறன்ரோ 4-1 என முன்னிலை. பொஸ்ரன் ஒரு கோல் போட்டு 4-2 ஆக்கியது. பிறகு கோல்காப்பாளரை வெளியே எடுத்து, அவருக்குப் பதில் ஆறாவது தாக்குநரை இறக்கியது. கடைசி 82 நொடிகளில் இரண்டு கோல், சமநிலை. மேலதிக நேரத்தில் ரொறன்ரோ தோற்றது. 2021இல் மொன்றியலுடனேயே 3-1 என முன்னின்ற தொடரையும் பறிகொடுத்தது. அந்த ஆண்டு மொன்றியல் இறுதிச்சுற்று வரை போனது.

கிண்ணப் பெருமையும் அரங்கின் ஆரவாரமும் வேண்டுமென்றால் மொன்றியல். என் தரவரிசையில் அதற்கே முதலிடம் கொடுப்பேன். ரொறன்ரோவின் கிழக்குப் பகுதியான ஸ்காபரோவில் இருந்துகொண்டு வேலை முடிந்து நேரில் போய்ப் பார்க்க ரொறன்ரோதான் வசதி: கென்னடியில் சப்வே ஏறி, புளூர்-யங்கில் மாறி, யூனியனில் இறங்கினால் பக்கத்திலேயே அரங்கு.