கொங்கேழ் சிவத்தலங்களுக்கு ஒரு நாள் வேன் பயணம்: ஓதுவாருக்காகப் போகலாம், ஆனால் நேரம் போதவில்லை

கொங்கு நாட்டில் தேவாரப் பாடல் பெற்ற தலங்கள் அவிநாசி, திருமுருகன்பூண்டி, பவானி, திருச்செங்கோடு, கொடுமுடி, கரூர், வெஞ்சமாங்கூடலூர் ஆகிய ஏழு. இந்த ஏழையும் ஒரே நாளில் தரிசிக்க வைப்பதாகச் சொல்லிக் கோயம்புத்தூரிலிருந்து வேன் அனுப்பும் ஓர் ஏற்பாட்டாளரிடம் பணம் கட்டி, எழுபது வயதைக் கடந்த என் தாயாருடன் தை மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில் சென்று வந்தேன். காலைச் சிற்றுண்டியும் மதிய உணவும் சேர்த்து ஆளுக்கு 1,900 ரூபாய். இதைவிடக் குறைந்த கட்டணத்தில் அழைத்துச் செல்பவர்கள் இருந்தும் இவர்களைத் தேர்ந்தெடுத்ததற்கு ஒரே காரணம், ஓர் ஓதுவார் உடன் வந்து அந்தந்தத் தலத்தின் பதிகத்தை அங்கேயே பாடுவார் என்று சொன்னதுதான்.

அந்தச் சொல்லை அவர்கள் முழுமையாகக் காப்பாற்றினார்கள். நாங்கள் அவிநாசியை அடைந்தபோது இன்னும் விடியவில்லை. முதலை விழுங்கிய பிள்ளையைச் சுந்தரர் பாடி மீட்ட வரலாற்றை ஓதுவார் வேனிலேயே சொல்லி முடித்திருந்ததால், சன்னதியில் அவர் பாடத் தொடங்கியபோது யாருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை. அங்கிருந்து சில கிலோமீட்டர் தொலைவிலுள்ள பூண்டியில், சிற்பக் கூடங்களின் உளிச் சத்தம் தொடங்கும் முன்பே கோயிலுக்குள் இருந்தோம். சேரமான் பெருமாள் தந்த பொருளோடு வந்த சுந்தரரை வேடர் வடிவில் வந்த பூதகணங்கள் வழிப்பறி செய்த இடம் அது. இப்படிப்பட்ட ஊரில் நீர் எதற்காக இருக்கிறீர் என்று இறைவனையே கேட்கும் அந்தப் பதிகத்தைப் பல ஆண்டுகளாகக் கேட்டிருந்தும், அதிலுள்ள கோபமும் உரிமையும் எனக்குப் புரிந்தது அன்று, அந்தக் கல் மண்டபத்தில் நின்றபோதுதான்.

பவானியில் காவிரியும் பவானியாறும் கூடும் துறையில் நீராட நேரம் தரப்படவில்லை. கால் நனைத்து, தலையில் தெளித்துக்கொண்டு உள்ளே சென்றோம். கோவை மாவட்ட ஆட்சியராக இருந்த வில்லியம் காரோ, இடிந்து விழவிருந்த மாளிகையிலிருந்து தம்மை அம்பிகை எழுப்பி வெளியேற்றியதாக நம்பி 1804இல் வேதநாயகி அம்மனுக்கு அளித்த தந்தக் கட்டிலைப் பற்றியும், அம்மனை அவர் வெளியிலிருந்தே தரிசிக்க மதிலில் இடப்பட்ட துளைகளைப் பற்றியும் ஓதுவார் பொறுமையாக எடுத்துரைத்தார். திருச்செங்கோட்டில் வேன் மலைப்பாதையில் மேலே சென்றுவிடுவதால், படிவழியில் பாறையில் செதுக்கப்பட்டுள்ள பெரிய நாகத்தைக் காண முடியாது. முதியவர்கள் இருக்கும் குழுவில் இதைக் குறையாகச் சொல்வது நியாயமில்லை. தம் அடியார்களைக் குளிர்சுரம் வருத்தியபோது ஞானசம்பந்தர் அத்தலத்தில் பாடிய திருநீலகண்டப் பதிகத்தை ஓதுவார் அர்த்தநாரீசுவரர் சன்னதியில் பாடி முடிக்கும் வரை எங்களில் ஒருவரும் அசையவில்லை.

குறை, கால அட்டவணையில் இருக்கிறது. நண்பகலில் நடை சாத்தி மாலை நான்கு மணியளவில் திறக்கும் கோயில்களை வைத்துக்கொண்டு ஏழு தலங்களை ஒரே பகலில் அடக்க முயன்றால் ஏதோ ஒன்று பலியாகத்தான் வேண்டும். நாங்கள் கொடுமுடியை அடைந்தபோது மணி 12.40, நடை சாத்தியாகிவிட்டது. கோபுரத்தை வணங்கிவிட்டுக் கரூருக்குப் போய்விடலாம் என்றார் உடன் வந்த மேற்பார்வையாளர். இந்த ஏழு தலங்களில் அப்பர், சம்பந்தர், சுந்தரர் மூவரும் பாடியது கொடுமுடி ஒன்றையே. அதை வாசலோடு விட்டுச் செல்ல யாருக்கும் மனம் வரவில்லை. எல்லோரும் சேர்ந்து கேட்டுக்கொண்டதால் மாலை வரை காத்திருக்கச் சம்மதித்தார். வடக்கிலிருந்து வரும் காவிரி கிழக்கே திரும்பும் அந்தத் துறையில், கே. பி. சுந்தராம்பாள் பிறந்த ஊரில், அட்டவணையில் இல்லாத அந்தக் காத்திருப்பில்தான் ஓதுவார் அவசரமின்றிப் பாடினார். நடை திறந்ததும் மகுடேசுவரரையும் வீரநாராயணப் பெருமாளையும் வன்னி மரத்தடிப் பிரம்மாவையும் நிறைவாகத் தரிசித்தோம்.

அதற்கான விலையை வெஞ்சமாங்கூடலூரில் கொடுத்தோம். கரூரில் பசுபதீசுவரரை வணங்கிவிட்டு அங்கே போய்ச் சேர்ந்தபோது நன்றாக இருட்டியிருந்தது. பத்து நிமிடங்களில் கிளம்பச் சொன்னார்கள். 1977இல் குடகனாற்று வெள்ளத்தில் பெரும்பகுதி அழிந்து, மீண்டும் எடுத்துக் கட்டப்பட்ட கோயில் அது. ஆற்றையும் கோயிலையும் பகல் வெளிச்சத்தில் சேர்த்துப் பார்த்தால்தான் அந்தத் திருப்பணியின் அருமை விளங்கும். பதிகம் பாடவும் அங்கே நேரமில்லை. ஏழில் ஒன்றில் மட்டும் ஓதுவாரின் குரல் ஒலிக்காமல் திரும்பியது எனக்கு இன்றும் வருத்தம் தருகிறது.

வண்டி சுத்தமாக இருந்தது, ஓட்டுநர் நிதானமானவர். மதியம் கொடுத்த அரிசியும் பருப்புஞ் சாதத்தில் நெய்யைத் தாராளமாக விட்டிருந்தார்கள். படி ஏறும் இடங்களில் எல்லாம் உதவியாளர் என் தாயாரின் கையைப் பிடித்து, “அவசரமே இல்லீங்கம்மா, மெல்ல வாங்க” என்று சொல்லி அழைத்துச் சென்றதை நன்றியோடு நினைக்கிறேன்.

முதல் நாள் அவிநாசி, பூண்டி, பவானி, திருச்செங்கோடு என்றும், மறுநாள் மற்ற மூன்று தலங்கள் என்றும் பிரித்து, இடையில் ஈரோட்டில் தங்க வைத்தால், இரு மடங்கு கட்டணம் என்றாலும் மீண்டும் போவேன். ஏற்பாட்டாளரிடமும் இதையே எழுதிக் கொடுத்திருக்கிறேன். இப்போதுள்ள ஒரு நாள் ஏற்பாட்டில்தான் நீங்கள் செல்ல வேண்டியிருந்தால், கொடுமுடிக்கும் வெஞ்சமாங்கூடலூருக்கும் எத்தனை மணிக்குப் போய்ச் சேருவார்கள் என்பதை முன்பணம் கட்டும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.