ஆர் மொழியின் தரவுக் கட்டமைப்புகள்: மஞ்சள் மண்டிக் கணக்கில் ஓராண்டு

ஈரோட்டில் ஒரு மஞ்சள் மண்டியில் கணக்கு எழுதுகிறேன். லாட்டு எண், விரலியா கிழங்கா என்ற ரகம், மூட்டை எண்ணிக்கை, குவிண்டால் விலை ஆகியவற்றை எக்செல்லில் பதிந்து வந்த நான், மூன்று ஆண்டுப் பதிவுகளை ஒருசேரப் பார்க்க வேண்டியிருந்ததால், புள்ளியியல் கணக்குகளுக்கான ஆர் (R) என்ற நிரல்மொழியை நிறுவினேன். அதன் வரைபடங்களைப் பலரும் புகழ்கிறார்கள். நான் அதன் அடிப்படைத் தரவுக் கட்டமைப்புகளை, அதாவது தரவை அது அடுக்கி வைக்கும் வடிவங்களைப் பற்றி மட்டும் எழுதுகிறேன், ஏனெனில் என் கணக்குகள் தவறியதும் திருந்தியதும் அங்கேதான்.

நியூசிலாந்தின் ஆக்லாந்து பல்கலைக்கழகத்தில் ராஸ் இஹாகாவும் ராபர்ட் ஜென்டில்மேனும் 1990களின் தொடக்கத்தில் உருவாக்கத் தொடங்கிய இந்த மொழி, 2000 பிப்ரவரி 29 அன்று 1.0.0 பதிப்பாக வெளிவந்தது. இன்றும் இலவசமாகவே கிடைக்கிறது.

எல்லாவற்றுக்கும் அடிப்படை வெக்டர், அதாவது மதிப்புகளின் ஒரு வரிசை. ஒற்றை எண்கூட ஆருக்கு நீளம் 1 கொண்ட வெக்டர்தான். ஒரு வெக்டருக்குள் ஒரே வகைத் தரவு மட்டுமே இருக்க முடியும் என்ற விதியின் பொருள் எனக்கு ஒரு நாள் ஏலப் பதிவில்தான் விளங்கியது. 12 லாட்டுகளில் 11க்கு விலை இருந்தது. ஒன்றில் ‘விலை படியவில்லை’ என்று எழுதியிருந்தேன். அந்த ஒரு சொற்றொடரால் பன்னிரண்டும் எழுத்து வகையாகி, சராசரி கேட்டபோது எச்சரிக்கையோடு என்ஏ என்று மட்டும் வந்தது. எண்ணாக மாற்றியதும் அந்த ஓரிடம் விடுபட்ட மதிப்பாக, அதாவது என்ஏவாக நின்றது. அதை நீக்கிக் கணக்கிடும்படி நானே சொல்லும்வரை சராசரி கிடைக்கவில்லை. எக்செல் இதே இடத்தில் அந்தக் கட்டத்தைப் பேசாமல் தாண்டிச் சென்றிருக்கிறது. 12 லாட்டுகளின் சராசரி என்று முதலாளியிடம் நான் சொல்லி வந்தது 11 லாட்டுகளின் சராசரியே என்பதை ஆரின் இந்தக் கண்டிப்புதான் எனக்குக் காட்டியது.

ரகம் போன்ற வகைப்பாடுகளுக்கு ஃபேக்டர் மிகப் பொருத்தம். ஒவ்வொரு வகையையும் ஒரு ‘நிலை’யாக்கி, அதற்கு ஒரு வரிசை எண் கொடுத்து வைப்பது அது. என் ரகப் பத்தியின் நிலைகளைக் கேட்டபோது இரண்டுக்குப் பதிலாக மூன்று வந்தன. ‘விரலி’க்குப் பின்னால் ஓர் இடைவெளி தட்டப்பட்டிருந்ததே மூன்றாவது. ஆனால் விலைகள் ஃபேக்டராகப் பதிந்துவிட்டால் ஆபத்து. அதை நேரடியாக எண்ணாக்கினால் விலைக்குப் பதில் நிலையின் வரிசை எண் கிடைக்கும். 14,200 இருக்க வேண்டிய இடத்தில் 3 நிற்கும். 2020இல் வந்த 4.0.0 பதிப்புக்கு முன், கோப்பைப் படிக்கும்போது எழுத்துப் பத்திகள் இயல்பாகவே ஃபேக்டர்களாயின. காற்புள்ளியோடு எழுதிய விலைப் பத்தியும் அதில் சிக்கும். இப்போது அந்த வழக்கம் இல்லை.

அன்றாட வேலைக்கு டேட்டா ஃபிரேம்தான். சம நீளமுள்ள வெக்டர்களைப் பத்திகளாக அடுக்கிய லிஸ்ட் அது. பத்திக்கு ஒரு வகை, வரிசைக்கு ஒரு லாட்டு. எங்கள் பதிவேட்டின் வடிவமே அதுவாக இருப்பதால் கையாளப் பழக நாளாகவில்லை. வெவ்வேறு வகைப் பொருள்களையும் ஒன்றாக வைத்திருக்கக்கூடிய லிஸ்ட் மட்டும் சில வாரம் படுத்தியது. ஒற்றைச் சதுர அடைப்பில் [ ] கேட்டால் சிறிய லிஸ்ட் ஒன்றும், இரட்டை அடைப்பில் [[ ]] கேட்டால் உள்ளிருக்கும் பொருளும் கிடைக்கும். மூட்டையோடு எடுப்பதும், மூட்டையை அவிழ்த்து மஞ்சளை எடுப்பதும் போல என்று நினைத்துக்கொண்டபின் குழப்பம் தீர்ந்தது. வரிசையும் பத்தியுமாக ஒரே வகைத் தரவை வைக்கும் மேட்ரிக்ஸ் எனக்கு அதிகம் தேவைப்படவில்லை. எண்களை அது பத்தி பத்தியாக நிரப்பும் என்பதை மட்டும் நினைவில் வைத்தால் போதும்.

ஒரு குறையை அழுத்தமாகவே சொல்ல வேண்டும். 12 எடைகளிலிருந்து சாக்குக் கழிவைக் கழிக்கும்போது, நான் தட்டியிருந்தது 6 கழிவுகளே. ஆர் அந்த ஆறையே மீண்டும் ஒருமுறை பயன்படுத்திக் கழித்துவிட்டது. ஒரு எச்சரிக்கைகூட இல்லை. நீளம் மிச்சமின்றி வகுபடாதபோது மட்டுமே எச்சரிக்கிறது. எடையே பணமாகும் தொழிலில் இது சிறிய குறை அன்று. கழிப்பதற்கு முன் இரண்டு நீளங்களையும் ஒப்பிடும் ஒரு வரியை இப்போது எல்லா இடத்திலும் எழுதி வைக்கிறேன்.

விண்டோஸில் தமிழில் பதிவு செய்வோர் 2022இல் வந்த 4.2.0 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பையே நிறுவ வேண்டும். புதிய விண்டோஸ் கணினிகளில் தமிழ் உட்பட எல்லா எழுத்துகளையும் பதியும் யூனிகோடின் யுடிஎஃப்-8 முறையை ஆர் நேரடியாக ஏற்றது அதிலிருந்துதான். ‘விரலி’, ‘கிழங்கு’ என்ற சொற்கள் என் திரையில் தமிழாகவே தெரிகின்றன.