ஷெட்லாந்து கம்பளி நூலில் ஓர் இருபுறக் குல்லா: ஒரு குளிர்கால அனுபவத்தின் மதிப்புரை

ஷெட்லாந்து ஆட்டின் கம்பளியில் முறுக்கிய ஈரிழை நூலை வாங்கி, உள்ளும் புறமும் மாற்றி அணியக்கூடிய குல்லா ஒன்றைப் பின்னி முடித்து, ஒரு குளிர்காலம் முழுவதும் அதை அணிந்த பின்னரே இம்மதிப்புரையை எழுதுகிறேன். நூல் கைக்கு வந்த அன்றே எழுதியிருந்தால் என் கருத்து ஏறத்தாழ நேர்மாறாக இருந்திருக்கும். இந்த நூலை உருண்டையாக இருக்கும்போது மதிப்பிடக் கூடாது. பின்னி, கழுவி, உலர்த்திய பிறகுதான் மதிப்பிட வேண்டும்.

நான் வசிப்பது ஸ்காட்லாந்தின் அபர்தீன் நகரில். இங்கிருந்து இரவில் புறப்படும் கப்பல் மறுநாள் காலையில் வடக்கே உள்ள ஷெட்லாந்து தீவுகளின் லெர்விக் துறைமுகத்தைச் சேரும். அந்தத் தீவுகளில் மரங்கள் குறைவு, காற்று ஓயாது. அங்கு வளரும் சிறிய ஆடுகளின் கம்பளி மெல்லியதாகவும் சுருள் மிகுந்ததாகவும் இருக்கிறது. தீவில் வளர்ந்த ஆடுகளின் கம்பளிக்கு 2011இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் பிறப்பிடப் பாதுகாப்பும் (ஊர்ப்பெயரைப் பிறர் பயன்படுத்தாதபடி காக்கும் உரிமை) கிடைத்தது. அந்த ஆடுகளின் இயற்கை நிறங்களுக்குத் தீவு மக்கள் தனித்தனிப் பெயர் வைத்திருக்கிறார்கள். நான் வாங்கியவை இரண்டு: உறைபனி படர்ந்த எஃகைப் போன்ற அடர்சாம்பல் நிறமான ஷேலா, செம்பழுப்பு நிறமான மூரிட். 25 கிராம் உருண்டை ஒன்றில் சுமார் 105 மீட்டர் நூல் இருக்கிறது. நிறத்துக்கு இரண்டாக நான்கு உருண்டைகள் வாங்கினேன்.

தமிழ்நாட்டுக் கடைகளில் உல்லன் நூல் என்று கேட்டால் பெரும்பாலும் கிடைப்பது அக்ரிலிக் என்னும் செயற்கை நூல்தான். என் அம்மா கொடைக்கானல் பயணத்துக்கென்று எங்களுக்குப் பின்னித் தந்த ஸ்வெட்டர்களும் அதில் பின்னியவையே. அந்த வழுவழுப்புக்குப் பழகிய விரல்களுக்கு இந்த நூல் முதலில் வறண்ட கயிறுபோலத் தோன்றும். ஆலையில் நூற்கும்போது சேர்த்த எண்ணெயின் மணம் அதில் இன்னும் தங்கியிருக்கும். ஊசியில் வழுக்கி ஓடாமல், கண்ணிக்குக் கண்ணி (பின்னலின் ஒவ்வொரு வளையத்துக்கும்) பற்றிக்கொண்டே வரும். இது குறை என்றுதான் முதல் வாரம் நினைத்தேன். ஊசியிலிருந்து ஐந்தாறு கண்ணிகள் நழுவியபோதும் அவை கீழ்நோக்கி அவிழ்ந்து ஓடாமல் அதே இடத்தில் நின்றதைக் கண்ட பிறகு, இந்தப் பற்றுதலின் அருமை புரிந்தது.

இருபுறக் குல்லாவைப் பின்ன இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, இரு நிற நூல்களையும் ஒருசேரப் பிடித்து, முன்பக்கத்துக்கு ஒரு நிட் (நேர்க்கண்ணி), பின்பக்கத்துக்கு ஒரு பர்ல் (மறுபக்கம் திரும்பிய கண்ணி) என மாறிமாறிப் போட்டு, இரண்டு முகங்களையும் ஒரே நேரத்தில் வளர்க்கும் இரட்டைப் பின்னல். ஒரு பக்கத்தில் சாம்பல் தரையில் பழுப்புப் பூ என்றால் மறுபக்கத்தில் பழுப்புத் தரையில் சாம்பல் பூ விழும். பார்க்க மிக அழகானது. ஆனால் இரண்டு நூல்களும் ஒன்றையொன்று சுற்றிக்கொள்ளும்போது அவற்றைப் பிரித்துப் பிரித்து இழுக்க வேண்டியிருக்கிறது. இந்த நூலோ திடீர் இழுப்பைத் தாங்குவதில்லை. உள்ளங்கை அகலம் பின்னுவதற்குள் இரண்டு முறை அறுந்ததால் அம்முயற்சியைக் கைவிட்டேன். அந்த முறையை விரும்புவோருக்கு இறுக்கமாக முறுக்கிய வேறு நூலையே பரிந்துரைப்பேன்.

இரண்டாவது வழி, இரு முனைகளும் மூடிய நீண்ட குழாயாகப் பின்னி, ஒரு பாதியை மற்றொரு பாதிக்குள் தள்ளிவிடுவது. இந்த நூலுக்கு ஏற்றது இதுவே. உச்சியில் 8 கண்ணிகளில் தொடங்கி, ஒரு சுற்று விட்டு ஒரு சுற்றில் எட்டெட்டாகக் கூட்டி, பதினேழு முறை கூட்டியதும் 144 கண்ணிகள் ஆயின. அதன்பின் நேராகவே பின்னிச் சென்று, குழாயின் நடுவில் ஷேலாவை நிறுத்தி மூரிட்டைத் தொடங்கி, மறுமுனையில் அதே கணக்கில் குறைத்து முடித்தேன். உச்சியிலிருந்து நடுக்கோடு வரை 27 செ.மீ., ஆக முழு நீளம் 54 செ.மீ. பர்ல் கண்ணி ஒன்றுகூட வேண்டியதில்லை என்பதால், பின்னக் கற்று ஓராண்டே ஆனவர்களும் துணிந்து தொடங்கலாம். கண்ணிகளின் எண்ணிக்கைதான் மலைக்க வைக்கும்: என் கணக்கில் 23,000க்கும் மேல்.

அளவைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் பலரும் ஏமாறுவது இங்கேதான். 3.25 மி.மீ. ஊசியில் அளவு பார்க்க முதலில் நான் பின்னிய மாதிரித்துண்டில், கழுவுவதற்கு முன் 10 செ.மீ.க்கு 30 கண்ணிகள் இருந்தன. கழுவி உலர்த்திய பின் 28 ஆயின. இந்த இரண்டு கண்ணி வித்தியாசம் 144 கண்ணிகளில் மூன்று செ.மீ.க்கு மேல் வந்து நிற்கும். என் தலைச்சுற்றளவு 56 செ.மீ. குல்லா 51 செ.மீ. இருந்தால் நழுவாமலும் நெற்றியில் தழும்பு பதிக்காமலும் நிற்கும் என்று முடிவு செய்தேன், அது சரியாகவே அமைந்தது. இரட்டை அடுக்கு, ஒற்றை அடுக்கு அளவுக்கு விரிந்துகொடுக்காது என்பதை மறந்து வழக்கமான குல்லாக் கணக்கைப் போட்டால் தலை வலிக்கும். உள்ளே செல்லும் பாதியைச் சற்றுச் சிறிதாகப் பின்னினால் சுருக்கமின்றிப் படியும் என்று ஒரு தோழி யோசனை சொன்னார். ஆனால் எந்தப் பாதியும் நாளை வெளிப்பக்கம் ஆகலாம் என்பதால் நான் இரண்டையும் சமமாகவே வைத்தேன்.

பிறகு கழுவும் வேலை. வெதுவெதுப்பான நீரில் கம்பளிக்கான சோப்புக் கரைசலைக் கலந்து அரை மணி நேரம் ஊறவிட்டேன். எண்ணெய் நீங்கியதும் நூல் மெல்ல உப்பி, கண்ணிகளுக்கு இடையே தெரிந்த இடைவெளிகள் மூடி, தனித்தனி இழையாகத் தெரிந்தது ஒரே துணியாகக் கூடிவந்தது. இதை நேரில் பார்த்தபோது எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியை எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. இழைகள் ஒழுங்காகச் சீவப்படாமல் பல திசைகளிலும் கலந்து நூற்கப்படுவதால் நூலுக்குள் காற்று மிகுதியாகத் தங்குகிறது. அந்தக் காற்றுதான் குளிரைத் தடுக்கிறது. முறுக்கிப் பிழியக் கூடாது, துண்டில் சுருட்டி அழுத்த வேண்டும். சலவை இயந்திரத்தை நினைக்கவே வேண்டாம். வெந்நீரும் உருட்டலும் சேர்ந்தால் கம்பளி திரண்டு குழந்தைத் தொப்பி அளவுக்குச் சுருங்கிவிடும். உலர்த்தும்போது உள்பாதியை வெளியே இழுத்து மீண்டும் நீண்ட குழாயாக்கிப் படுக்கவைத்தால் விரைவில் உலரும். மடித்தபடியே விட்டால் எங்கள் வீட்டில் இரண்டு நாளுக்கு மேல் ஆகிறது.

முடிந்த குல்லாவின் எடை 90 கிராமுக்குச் சற்றுக் குறைவு. இரண்டு அடுக்குக் கம்பளி இவ்வளவு இலேசாக இருப்பதுதான் இந்த நூலை நான் பாராட்டுவதற்கு முதல் காரணம். விளிம்பை ஆறு செ.மீ. மேலே மடித்தால் காதின்மேல் நான்கு அடுக்குகள் சேர்கின்றன, உச்சியில் இரண்டுதான். குளிர் கடிக்கும் இடத்தில் கூடுதல் பாதுகாப்பும் வியர்க்கும் இடத்தில் இலேசும் தானாகவே அமைந்துவிடுகின்றன. சாம்பல் வெளியே இருக்கும்போது மடிப்பு பழுப்பாகவும், பழுப்பு வெளியே இருக்கும்போது மடிப்பு சாம்பலாகவும் தெரிவதால், அலுவலகத்துக்கு ஒன்று, கடற்கரை நடைக்கு ஒன்று என இரண்டு குல்லாக்கள் இருப்பதுபோல இருக்கிறது. ஜனவரி மாதத்தில் வடகடல் காற்றோடு தூறலும் சேர்ந்த ஒரு மாலையில் முக்கால் மணி நேரம் பேருந்துக்காக நின்றேன். வெளி அடுக்கு நனைந்திருந்தது, உள் அடுக்கு உலர்ந்தே இருந்தது.

குறைகளையும் மறைக்காமல் சொல்கிறேன். நெற்றித் தோலில் முதல் சில நாட்கள் இந்த நூல் உறுத்தும். மூன்றாவது கழுவலுக்குப் பின் எனக்கு அது பெரிதாகத் தெரியவில்லை. ஆனால் என் மகளால் பத்து நிமிடம்கூட அணிய முடியவில்லை. மென்மையான தோல் உள்ளவர்கள் ஒரு பாதியை மெரினோ என்னும் மென்மையான ஆட்டுக்கம்பளி நூலில் பின்னிக்கொள்ளலாம். அப்படிச் செய்தால் மெரினோ பக்கமே எப்போதும் உள்ளே இருக்க வேண்டியிருக்கும், மாற்றி அணியும் வசதி போய்விடும். மூரிட் நிறத்தில் இரவு விளக்கொளியில் கண்ணிகள் சரியாகத் தெரிவதில்லை. உச்சியைக் குறைக்கும் சுற்றுகளைப் பகலில் வைத்துக்கொள்வது நல்லது. விலையோ அக்ரிலிக்கைப்போலப் பல மடங்கு. நூலும் மட்டுமட்டாகவே போதும்: ஒவ்வொரு நிறத்திலும் எனக்கு மீந்தது 5 கிராம் அளவே, ஆகவே தலைச்சுற்றளவு 58 செ.மீ.க்கு மேல் உள்ளவர்களுக்காகப் பின்னுவோர் நிறத்துக்கு மூன்றாவது உருண்டையை முதலிலேயே வாங்கிவிட வேண்டும். பின்னர் வாங்கினால் இயற்கை நிறம் சற்றே வேறுபட வாய்ப்புண்டு.

அடுத்ததாக என் கணவருக்குப் பின்னத் தொடங்கியிருக்கிறேன். அவர் தலைக்கு 152 கண்ணிகள், நிறத்துக்கு மூன்று உருண்டைகள்.