டிஎன்ஏவைப் படிப்பதா, ஆர்என்ஏவைப் படிப்பதா?

சிங்கப்பூர் ஈசூனில் இருக்கும் பெரியம்மாவுக்கு நுரையீரல் புற்றுநோய் என்று தெரிந்ததும் கட்டியின் டிஎன்ஏவைப் படித்துப் பார்த்தார்கள். ஆசியர்களிடம் அதிகம் காணப்படும் இஜிஎஃப்ஆர் என்ற ஜீனின் மாற்றம் அதில் இல்லை. "வேற ஏதாச்சும் பாக்கலாமா டாக்டர்?" என்று அண்ணன் கேட்டார். "ஆர்என்ஏவையும் பார்த்துடலாம்" என்றார் டாக்டர். இரண்டும் ஒன்றுதானே என்று நினைத்திருந்தேன்.

ஒன்றில்லை. வீட்டு அலமாரியில் என்னென்ன சாமான் இருக்கிறது என்பது டிஎன்ஏ; இன்று அடுப்பில் என்ன வேகிறது என்பது ஆர்என்ஏ. மூளை செல்லிலும் தோல் செல்லிலும் ஏறக்குறைய ஒரே டிஎன்ஏதான், ஆர்என்ஏ மட்டும் இடத்துக்கு இடம் மாறும்.

படிக்கும் கருவி பெரும்பாலும் ஒன்றேதான். எழுத்து என்பது டிஎன்ஏவின் ஒரு வேதி அலகு. சுமார் 300 கோடி எழுத்துள்ள டிஎன்ஏவைத் துண்டுகளாக்கி, ஒளிரும் எழுத்துகளை ஒவ்வொன்றாகச் சேர்த்துப் படமெடுப்பார்கள். ஒரு துண்டில் 150 எழுத்து போலப் படிக்கலாம். கோப்பது கணினியின் வேலை. ஆர்என்ஏவை முதலில் டிஎன்ஏவாகப் படியெடுக்க வேண்டும். 2003இல் சார்ஸ் கிருமியின் ஆர்என்ஏவை சிங்கப்பூரின் ஜீனோம் இன்ஸ்டிடியூட் அப்படித்தான் படித்தது.

பரம்பரையாக வருமா என்பதுதான் கேள்வி என்றால் டிஎன்ஏவே போதும். மார்பகப் புற்றுநோய்க்கான பிஆர்சிஏ ஜீன் மாற்றம், குடும்ப வழியில் வரும் அதிகக் கொலஸ்ட்ரால் எல்லாம் இதில் சேரும். மாதிரியும் எளிதில் கெடாது, எச்சில்கூடப் போதும்.

ஆர்என்ஏ அப்படியில்லை, சீக்கிரம் சிதைந்துவிடும். நம் விரலில் இருக்கும் என்சைமே அதை அரித்துவிடும். அதனால்தான் லேபில் அடிக்கடி கையுறை மாற்றுகிறார்கள். ஃபார்மலினில் ஊறவைத்து மெழுகுக்கட்டியாக்கிய சதை பழசானால் தேறுவது கஷ்டம். மூளையில் மட்டும் வேலை செய்யும் ஜீனை ரத்தத்தின் ஆர்என்ஏவில் தேடியும் பயனில்லை.

ஆனாலும் இரண்டு ஜீன்கள் உடைந்து ஒட்டிக்கொள்ளும் கோளாறில் நான் ஆர்என்ஏ பக்கம்தான். டிஎன்ஏவில் அந்த ஒட்டு பெரும்பாலும் நீளமான இன்ட்ரான் பகுதிக்குள் (ஜீனுக்கு நடுவே புரதத்துக்கான குறிப்பு இல்லாத பகுதி) விழும்; குறிப்பிட்ட ஜீன்களை மட்டும் பார்க்கும் சோதனை அதைத் தவறவிடலாம். ஆர்என்ஏவில் இன்ட்ரான் வெட்டப்பட்டிருக்கும், ஒட்டு பளிச்சென்று தெரியும். டிஎன்ஏ அறிக்கையில் 'முக்கியத்துவம் தெரியவில்லை' என்று வரும் சில மாற்றங்களும் ஆர்என்ஏவில்தான் தெளிவாகும்.

பயாப்சியில் கிடைப்பது துளி சதை. அதனால் இரண்டையும் ஒரே நேரத்தில் பிரித்தெடுக்க முடியுமா என்று முதல் நாளே கேளுங்கள். நாங்கள் கேட்கவில்லை, மூன்று வாரம் போனது. பெரியம்மாவின் ஆர்என்ஏவில் ஏஎல்கே என்ற ஜீனின் ஒட்டு இருந்தது. கீமோ தொடங்க இருந்தவருக்கு இப்போது அந்த ஒட்டைக் குறிவைக்கும் மாத்திரைதான்.