உயிலா, தானப் பத்திரமா? அல்சூர் வீட்டுக்கு நான் செய்த ஏற்பாடு

பெங்களூரு அல்சூரில் என் சம்பாத்தியத்தில் கட்டிய இரண்டு மாடி வீட்டை மகனுக்கும் மகளுக்கும் எப்படிச் சேர்ப்பது என்ற பேச்சு எழுந்தபோது, பத்திர எழுத்தர் தானப் பத்திரத்தையே வற்புறுத்தினார். நான் உயில் எழுதினேன். அந்தப் பக்கம் சாய்ந்தே இதை எழுதுகிறேன்.

செலவில் இரண்டுக்கும் ஒப்பே இல்லை. தானப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வையும் பதிவும் கட்டாயம். உயிலுக்கு இரண்டும் வேண்டியதில்லை, இரண்டு சாட்சிகள் போதும்.

ஆனால் நான் முடிவெடுத்தது பணத்தைப் பார்த்தல்ல, எழுதியதை மாற்றும் உரிமையைப் பார்த்து. 1882ஆம் ஆண்டின் சொத்துரிமை மாற்றுச் சட்டப்படி, பிள்ளைகள் ஏற்றுக்கொண்டு பதிவான தானத்தைக் கொடுத்தவர் தன் இஷ்டத்துக்குத் திரும்பப் பெற முடியாது. 2007ஆம் ஆண்டின் பெற்றோர் பராமரிப்புச் சட்டத்தில் 23ஆம் பிரிவு ஒரு வழி வைத்திருக்கிறது. ஆயினும், பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடுதான் சொத்து கொடுக்கப்பட்டது என்பதைக் காட்ட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2022இல் கூறியது. 70 வயதுக்குமேல் பெற்ற பிள்ளைமீது மனு எழுதிக்கொண்டு போய் நிற்பதை நினைக்கவே எனக்குக் கூசியது. உயில் எழுதியதால் கீழ்வீட்டு வாடகை இன்றும் என் கைக்கே வருகிறது. முதல் உயிலில் மகளுக்கு மேல்மாடி என்று எழுதியிருந்தேன். காலில் அடிபட்டு அவள் படியேறத் திணறுவதைப் பார்த்தபின், கீழ்வீடு அவளுக்கு என்று புதிதாக எழுதிவிட்டேன், யாரிடமும் சம்மதம் கேட்க வேண்டியிருக்கவில்லை.

உயிலின் பலவீனம் சாட்சிகளிடம் இருக்கிறது. வழக்கு என்று வந்தால், உயிரோடிருக்கும் சாட்சி ஒருவராவது நீதிமன்றம் வந்து சொல்ல வேண்டும். என் வயது நண்பர்கள் இருவரைப் போடுவதாக இருந்தவன், ஒருவரை விட்டுவிட்டு எதிர்வீட்டு இளைஞரை அழைத்துப்போனேன். கட்டாயமில்லை என்றாலும் பதிவும் செய்தேன். தமிழில் எழுதத்தான் ஆசை. சார்பதிவாளர் அலுவலகத்தில் மொழிபெயர்ப்பு கேட்டுத் திருப்பிவிடக்கூடும் என்பதால் ஆங்கிலத்திலேயே எழுதினோம்.

உயில் நடைமுறைக்கு வரும் நாளை நான் பார்க்கப்போவதில்லை. காத்தாவை, அதாவது மாநகராட்சிச் சொத்துப் பதிவேட்டில் உள்ள பெயரை, மாற்றப் பிள்ளைகள் எவ்வளவு அலைவார்கள் என்பதை அனுபவத்தில் சொல்ல எனக்கு வழியும் இல்லை. ஆகவே, இப்போதே முகம் பார்த்துப் பேசிக்கொள்ளாத பிள்ளைகளைப் பெற்றவர்கள், ஆயுள்வரை குடியிருக்கும் உரிமையைத் தமக்கு நிறுத்திக்கொண்டு தானம் எழுதிவைப்பதை நான் குறை சொல்ல மாட்டேன்.